பழைய ப்ரோசஸரை முறுக்கிவிடுவதா, மாற்றுவதா?

14 ஜனவரி 2023, சனி இரவு

"மாமா, ப்ரோசஸர் செத்துக்கிட்டு இருக்கு. ஓவர்கிளாக் பண்ணித் தர்றீங்களா, இல்ல அம்மாகிட்ட புதுசு கேட்கட்டுமா?" அக்கா மகன் இன்று மத்தியானம் கேட்டான்.

ஓவர்கிளாக்தான், அதாவது சில்லை வழக்கமான வேகத்துக்கு மேலே முறுக்கி ஓட்டுவது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் இருப்பது இன்டெல் ஐ5-4690கே, 2014 ஜூனில் வெளிவந்த சில்லு. 4 கோர், 4 த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓடும்), 3.5 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானே ஏறும் டர்போவில் 3.9. நான் ஏழு வருஷம் வைத்து ஆடிவிட்டு அவனுக்குக் கொடுத்தேன். பெயரின் கடைசியில் 'கே' இருப்பதால் பெருக்கி பூட்டப்படவில்லை, போர்டும் முறுக்க விடும் இசட்97. இரண்டும் சேர்ந்து அமைந்தவர்கள் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு எண்ணை மாற்றினால் போதும்: அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கியில் 45 போட்டால் 4.5. காசு கொடுத்து வாங்கிய வேகம் இத்தனை வருஷம் உள்ளே சும்மா கிடந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளாமல் 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதுசு தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மற்றவை: ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, டிடிஆர்3 ராம் 16 ஜிபி, 550 வாட் பவர் சப்ளை, ஒற்றை ஃபேன் டவர் கூலர்.

15 ஜனவரி, பொங்கல்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. அளந்து பார்க்காமலே பதில் சொல்லிவிட்டேன்.

அக்கா வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி உள்ளே, பழைய தோட்டக் குடியிருப்பு. முன்னால் பால் மரம் (ரப்பர்) இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. ஜிங்க் கூரை, பிற்பகலில் அறைக்குள்ளேயே 33 டிகிரி. கணினி இருக்கும் அறையில்தான் அக்காவின் தையல் மெஷினும் இருக்கிறது. பொங்கல் பொங்கி முடிந்து பிள்ளைகள் கரும்பு கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் காற்றுப் போக வழியே இல்லை. ரவிக்கைத் துணியின் பஞ்சும் செம்மண் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தால் முழுசாக, ஃபேன் வட்டத்தின் அளவுக்கே உரிந்து வந்தது, நடுவில் ஒரு ஜரிகை நூல் மின்னிக்கொண்டு. தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு ஆகியிருந்தது.

சுத்தம் செய்வதற்கு முன்பு ஆட்டத்தில் 98, 99, 100 டிகிரி. இந்தச் சில்லு 100ஐத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் 3.9 ஓட வேண்டியது 3.2, 3.0 என்று இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து, அரிசி அளவு புதுப் பேஸ்ட் வைத்துப் பூட்டிய பிறகு அதே ஆட்டத்தில் 68. வேகம் 3.9ஐ விட்டு அசையவில்லை.

"செத்துக்கிட்டு இருக்கு" என்று பிள்ளை சொன்ன ப்ரோசஸருக்கு மூச்சுத்தான் அடைத்திருந்தது. ஓவர்கிளாக், புதுசு என்று எது கேட்பவரும் முதலில் சூட்டைப் பாருங்கள். நானே பார்க்காமல் பேசினேன்.

17 ஜனவரி

சரி, இப்போது மூச்சு வந்துவிட்டது. முறுக்கினால் என்ன கிடைக்கும், அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன்.

சில்லு தின்னும் மின்சாரம் ஏறக்குறைய வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு ஏறுவது அதன் வர்க்கமாக. இந்தச் சில்லு 3.9இல் 1.10 வோல்ட்டில் ஓடுகிறது. 4.5இல் நிலையாக நிற்க என் கையில் 1.26 கேட்டது. வேகம் 15 விழுக்காடு கூடியது. வோல்டேஜ் விகிதத்தின் வர்க்கம் 1.31. இரண்டையும் பெருக்கினால் 1.51. ஆக 15 விழுக்காடு வேகத்துக்கு 50 விழுக்காடு அதிக மின்சாரம், அது முழுவதும் சூடாக அந்த 33 டிகிரி அறைக்குள்தான் இறங்கும்.

மின் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். கூடுதலாக 50 வாட், தினம் 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 6 யூனிட்தான். 2023 கட்டணப்படி 200 யூனிட்டைத் தாண்டி 300 வரை யூனிட் 33.40 காசு, மாதம் இரண்டு வெள்ளி. காசு பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து 4.7 ஓட்டுபவர்களின் எண்ணைப் பார்த்துவிட்டு ஜிங்க் கூரையின் கீழே அதையே எதிர்பார்க்க முடியாது. அறைச்சூடு 10 டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய அந்தப் 10 டிகிரி ஏறத்தான் செய்யும்.

18 ஜனவரி

ஹாஸ்வெல் (4690கேயின் குடும்பம்) சில்லு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நேற்று எழுத மறந்தது. வோல்டேஜை அடாப்டிவ் முறையில் (சில்லே தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது) விட்டுவிட்டு, ப்ரோசஸரை முழு மூச்சில் சோதிக்கும் பிரைம்95இன் புதிய பதிப்பை ஓட்டாதீர்கள். அது ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகளால் அடிக்கும்போது சில்லு தானாகவே நீங்கள் கொடுத்ததற்கு மேலே 0.1 வோல்ட் வரை ஏற்றிக்கொள்ளும். 1.26 என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் திரையில் 1.35 காட்டியது, ஐந்து விநாடியில் 95 டிகிரி. சோதனை முடியும்வரை மேனுவல் முறையில் வைத்து, பிறகு அடாப்டிவுக்கு மாறுங்கள்.

20 ஜனவரி, வெள்ளி

4.5 நின்றுவிட்டது. ஆட்டத்தில் 79 டிகிரி. ஜிடிஏ 5 சராசரி 78 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை படம்) இருந்தது 88 ஆகியிருக்கிறது, பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலோரண்ட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை, அவன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் எத்தனை வந்தாலும் காட்டாது.

ஆனால் அவன் முதலில் குறைப்பட்டது பேட்டில்ஃபீல்டு 1இன் 64 பேர் ஆட்டத்தைப் பற்றி. அதில் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு முட்டு, அரை விநாடி நின்று மறுபடி ஓடும். முறுக்கிய பிறகும் அந்த முட்டு போகவில்லை. மிகத் தாழ்ந்த 1 விழுக்காட்டு எஃப்.பி.எஸ்., அதாவது மிக மந்தமான தருணங்களின் வேகம், 31இல் இருந்தது, இப்போது 35.

இரவு முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு த்ரெட்டும் 100 விழுக்காடு. கிராபிக்ஸ் கார்டு 60 விழுக்காட்டில் சோம்பிக் கிடக்கிறது. ஆட்டத்துக்கு ஒரு வேலை, ஒலிக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, பின்னால் விண்டோஸ், டிஸ்கார்டு, கார்டின் டிரைவர். எல்லாம் நான்கே வாசலில் முண்டியடிக்கின்றன. முறுக்கினால் நான்கு வாசலிலும் ஆட்கள் சற்று வேகமாகப் போவார்கள், ஐந்தாவது வாசல் திறக்காது. அந்த முட்டு காத்திருக்கும் நேரம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆட்டத்தின் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். எகிறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது, ப்ரோசஸரைத் தொடாதீர்கள். அசையாமல் நின்றால் ப்ரோசஸர். பிறகு மொத்த உபயோகத்தைப் பார்க்காமல் த்ரெட் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்கு த்ரெட் உள்ள சில்லில் ஒன்று மட்டும் முழுசாக உழைத்தால் மொத்தம் 25 விழுக்காடு என்றுதான் காட்டும், ப்ரோசஸர் சும்மா இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். ஒரே த்ரெட் திணறினால் ஓவர்கிளாக் உதவும். எல்லாம் திணறினால் அதிகம் உதவாது.

14ஆம் தேதி "யோசிக்க என்ன இருக்கிறது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

24 ஜனவரி

சீனப் புத்தாண்டு விடுமுறை. ஈப்போவில் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன, நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "4.7 வருமா மாமா?" என்றான். வந்தது. 1.33 வோல்ட், பிரைம்95 பதினைந்து நிமிஷம் தாங்கியது, ஆட்டம் ஒரு மணி நேரம் தாங்கியது. போதும் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

25 ஜனவரி

அக்கா காலையில் ஃபோன் செய்தார். நீலத்திரை (விண்டோஸ் பிழையில் நின்றுபோகும்போது வருவது), எண் 0x124. அந்த எண் பெரும்பாலும் வன்பொருள் பிழை, முறுக்கிய சில்லுக்கு வோல்டேஜ் பற்றாதபோது வரும் எண்.

நீலத்திரை வந்தது அவர் அளவுக் கணக்கைச் சேமித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அக்கா ரவிக்கை தைப்பவர். ஒவ்வொரு பெண்ணுக்கும் தோள், மார்பு, கை, முதுகு இறக்கம், கழுத்து என்று எல்லாம் எக்ஸெலில் வைத்திருக்கிறார், பதினொரு வருஷத்து அளவுகள். அந்தக் கோப்பு திறக்கவில்லை. தைப்பூசம் 5 பிப்ரவரி, மஞ்சள் ரவிக்கை கேட்டு வந்த துணிகள் அலமாரி நிறைய அடுக்கியிருக்கின்றன.

பழைய பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது, போன தீபாவளிக்கு முன்பு எடுத்தது. அதற்குப் பிறகு வந்த 23 பேர் போய்விட்டார்கள்.

29 ஜனவரி, ஞாயிறு

நான்கு நாளாக எதையும் எழுதவில்லை. 23 பேரையும் அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். பதினெட்டுப் பேர் வந்தார்கள். பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கமிருந்து ஒரு பாட்டி வெயிலில் நடந்தே வந்து, "அளவு அதேதான்மா, உடம்புதான் இளைச்சுப் போச்சு" என்றார். அக்கா டேப்பைப் போட்டுப் பார்த்தார், மார்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. பழைய அளவில் தைத்திருந்தால் தொளதொளவென்று நின்றிருக்கும் என்று அக்கா சொன்னார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும்.

ஓவர்கிளாக் பற்றிப் பேசும்போது எல்லாரும் "ஆட்டம் நின்றால் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம்" என்றுதான் நினைப்போம், நானும் அப்படித்தான் நினைத்தேன். நிலையில்லாத சில்லு எப்போதும் நீலத்திரை காட்டிவிட்டுத் தவறு செய்வதில்லை. கணக்கில் ஒரு பிட் தவறினால் அது ராமுக்குப் போய், அங்கிருந்து டிஸ்க்குக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், கேட்க ஆள் கிடையாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் (பிழைப் பதிவேடு) டபிள்யூஹெச்இஏ என்று தேடிப் பாருங்கள், வன்பொருள் பிழைகள் அந்தப் பெயரில்தான் பதிவாகும். நான் 25ஆம் தேதிதான் பார்த்தேன், 24 இரவிலேயே ஒன்பது எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. பதினைந்து நிமிஷச் சோதனை சோதனையே இல்லை. எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், அந்தப் பதிவில் ஒரு வரிகூட இருக்கக்கூடாது, அதுவும் பிற்பகல் வெயில் நேரத்தைச் சேர்த்து.

அப்பா பால் மரம் சீவியவர். அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வயதான மரத்தின் பட்டையில் மருந்து தடவினால் பால் கூடுதலாக வடியும். எத்தெஃபோன் என்ற மருந்து, காயத்தில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதைத் தள்ளிப்போடும், அதனால் வாளி நிறையும். அளவாகத் தடவி, வெட்டும் நாளைக் குறைத்தால் மரம் தாங்கும். பேராசையில் அடிக்கடி தடவினால் வெட்டுப்பட்டை காய்ந்துபோகும், அப்புறம் எத்தனை சீவினாலும் அந்தப் பக்கத்தில் பால் வராது. "மருந்து வச்ச மரத்தை வெறும் மரம்னு நெனைச்சு வெட்டாதே" என்பார். மறுநடவு போடப்போகிற மரத்துக்குத்தான் மருந்தைத் தாராளமாக வைப்பார்களாம், எப்படியும் விழப்போகிற மரம் என்பதால். நான் முறுக்கியது இன்னும் ஒருவர் பால் எடுத்துக்கொண்டிருக்கும் மரத்தை.

4690கேயை 3.9க்கே திருப்பிவிட்டேன். இரண்டு பென் டிரைவ், வாரம் ஒன்று மாற்றி மாற்றிப் பிரதி. அதை அக்காவே செய்கிறார்.

6 பிப்ரவரி

தைப்பூசம் முடிந்தது. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் கூட்டத்துக்குள் அக்கா தைத்த ரவிக்கைகளை நான் எண்ணிக்கொண்டே நடந்தேன், ஒன்பதுவரை கண்ணில் பட்டது. எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

19 பிப்ரவரி

ஐ7-4790கே பற்றி. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார், அதே சாக்கெட்டில் அப்படியே உட்காருமே, ஏன் அதைப் போடவில்லை என்று. நல்ல கேள்வி, நானும் இரண்டு வாரம் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். 4 கோர், 8 த்ரெட், 4.0, டர்போவில் 4.4. பேட்டில்ஃபீல்டின் முட்டுக்கு அதுதான் நேரான மருந்து, போர்டு மாற்ற வேண்டாம், ராம் மாற்ற வேண்டாம், முறுக்கவும் வேண்டாம்.

பழையது ஒன்றுக்கு 380 வெள்ளி சொன்னார்கள். கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். அதன் பழைய சொந்தக்காரர் எத்தனை வருஷம், எத்தனை வோல்ட்டில் முறுக்கி ஓட்டினார் என்று சில்லின் முதுகில் எழுதியிருக்காது. நான் செய்ததை நினைத்துப் பார்த்தேன், திரும்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள சில்லுகளை, ஒருசிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு கேட்கிறது. 4690கே, 4790கே இரண்டுமே நான்காம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 வரைதான். 380 வெள்ளி கொடுத்து வாங்குவது இரண்டரை வருஷம்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். கையில் 400க்கு மேல் இல்லை, சில்லு எங்கிருந்து வந்தது என்று தெரியும், கொடுப்பவர் தெரிந்தவர் என்றால் 4790கே தவறான முடிவு இல்லை. எனக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் இருந்தது.

12 மார்ச், ஞாயிறு

பிள்ளை பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஒரு கடையில் வார இறுதி வேலைக்குப் போய் 600 வெள்ளி சேர்த்துவிட்டான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே போனான். ஆகவே பேச்சு இப்போது உண்மையான பேச்சு.

நேற்று ஈப்போவுக்குப் போய் விலை கேட்டு வந்தோம். ஐ3-12100எஃப், 4 கோர் 8 த்ரெட். ஐ5-12400எஃப், 6 கோர் 12 த்ரெட். ரைசன் 5 5600, அதுவும் 6 கோர் 12 த்ரெட். கடைசி இரண்டுக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அதிலும் 1060 கார்டை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது. ஐ3 எனக்குப் பிடித்திருந்தது, விலை குறைவு, கோர் ஒவ்வொன்றின் வேலை செய்யும் திறனும் 2014 கோரைவிட எவ்வளவோ மேலே, த்ரெட்டும் எட்டு.

ஐ3 போதும் என்றேன். பிள்ளை சொன்னான்: "இன்னொரு அஞ்சு வருஷம் கழிச்சு கோர் பத்தலன்னு மறுபடி உங்ககிட்ட வந்து நிக்கணுமா மாமா?" 2014இல் நான்கு த்ரெட் தாராளம் என்று சொல்லி 4690கேயை வாங்கியவன் நான்தான், ஐ7க்குக் கொஞ்சம் கூடப் போட்டிருந்தால் இந்த முட்டு இத்தனை சீக்கிரம் வந்திருக்காது. அவன் சொன்னது சரி.

12400எஃப் 720, பி660 போர்டு 480, டிடிஆர்4 ராம் 16 ஜிபி 190. மொத்தம் 1,390. டிடிஆர்5 வேண்டாம், போர்டும் ராமும் சேர்ந்து விலை ஏறுகிறது. 12400எஃப் பெருக்கி பூட்டிய சில்லு, முறுக்க முடியாது என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

13 மார்ச்

பவர் சப்ளையை விட்டுவிட்டேன். 550 வாட் போதும், 12400எஃப் 65 வாட் சில்லு, 1060 கார்டு 120 வாட். ஆனால் அது எட்டு வருஷம் ஓடியது, இடி மின்னல் எத்தனை பார்த்ததோ, ஈப்போ பக்கத்துப் பிற்பகல் மழை தெரியுமே. பழைய சப்ளை, இனி அக்காவின் கணக்குக்கு இருக்கப்போகும் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும், அதன் சுமை இனிமேல் பாதிக்கும் கீழே. புதுசுக்குப் புதுச் சப்ளை, அந்த 210 வெள்ளி நான் போடுகிறேன். இடி முழங்க ஆரம்பித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

30 ஏப்ரல், ஞாயிறு

ஹரி ராயா (நோன்புப் பெருநாள்) விடுமுறைக்கு முன்பே எல்லாம் வாங்கிவிட்டோம், பூட்டியது போன வாரம். சில்லைச் சாக்கெட்டில் வைத்தது பிள்ளை. கை நடுங்கியது, நான் தொடவில்லை.

பேட்டில்ஃபீல்டு 1, அதே 64 பேர் ஆட்டம், அதே 1060 கார்டு. சராசரி பெரிதாக ஏறவில்லை, 76 இருந்தது 84. தாழ்ந்த 1 விழுக்காடு 35 இருந்தது 66. அந்த முட்டு இல்லை. ஒரு சுற்று முடியும்வரை அவன் பேசவே இல்லை, கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு "நீங்க ஆடுங்க மாமா" என்று எழுந்துகொண்டான்.

12400எஃப்இல் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் 1060 புதுப் பெட்டிக்குப் போய்விட்டது. பழைய பெட்டியின் 4690கேயில் இன்டெல்லின் ஹெச்டி 4600 கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, எக்ஸெலுக்கு அது தாராளம். மானிட்டர் வயரைப் போர்டின் பின்பக்கத்தில் செருகினோம், படம் வந்துவிட்டது. பயாஸில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, பெருக்கி 39. ஃபேன் வாயில் அக்கா பழைய நைலான் வலைத்துணியை வெட்டி, ஓரம் அடித்து, காந்தம் வைத்து மாட்டியிருக்கிறார். சனிக்கிழமை சனிக்கிழமை கழற்றி உதறுகிறார். இன்று மத்தியானம் பார்த்தேன், 47 டிகிரி.

அந்தக் கோப்பில் இப்போது 23 பேரும் திரும்ப இருக்கிறார்கள். வராமல் போன ஐந்து பேரும் ஹரி ராயா விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அளவு கொடுத்துவிட்டுப் போனார்களாம்.